புதிய மருந்தும் நம் கையொப்பமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவ உதவி என்று நாம் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் பணத்தில் வந்து நிற்கும். அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு, டயாலிசிசுக்கு மாதம் எவ்வளவு, காப்பீட்டு அட்டை செல்லுமா என்பவையே நம் கேள்விகளாக இருக்கின்றன. அவை தேவையான கேள்விகள்தாம். ஆயினும் பணத்தால் மட்டும் விடை காண முடியாத கேள்வி ஒன்று இப்போது நம் இல்லங்களின் வாசலுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. திருவனந்தபுரத்திலோ, வேலூரிலோ, சென்னையிலோ ஒரு மருத்துவர் நோயாளியின் மகனை அழைத்து, "இந்த நோய்க்கு ஒரு புதிய மருந்தை ஆராய்ந்து வருகிறோம். உங்கள் வாப்பாவை அந்த ஆய்வில் சேர்க்க விருப்பமா?" என்று கேட்கிறார். பல பக்கங்கள் கொண்ட ஒரு தாளும் கையில் தரப்படுகிறது. கடைசிப் பக்கத்தில் கையொப்பத்திற்கு இடம் விடப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் நம் குடும்பங்கள் இரண்டு விதமாக நடந்து கொள்கின்றன. சிலர், "எங்கள் ஆளைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்" என்று அஞ்சித் தாளைப் படிக்காமலேயே திரும்பி விடுகிறார்கள். சிலரோ, புதிய மருந்து என்ற சொல்லைக் கேட்டவுடன் அதனை உயிர் காக்கும் மருந்து என்றே எண்ணி, அதுவும் படிக்காமலேயே ஒப்பமிட்டு விடுகிறார்கள். அஞ்சியவரும் படிக்கவில்லை, நம்பியவரும் படிக்கவில்லை. அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தத் தாளில் என்ன இருக்கும், எதைக் கேட்ட பிறகு ஒப்பமிட வேண்டும், இத்தகைய ஆய்வுகளை நாமே தேடிக் கண்டறிவது எவ்வாறு என்பவற்றை எனக்குத் தெரிந்த அளவில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மருத்துவ ஆய்வு என்றால் என்ன?

மருத்துவமனைகளில் "கிளினிக்கல் டிரையல்" என்று சொல்லப்படுவதையே நான் மருத்துவ ஆய்வு என்கிறேன். ஒரு மருந்து ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் சோதிக்கப்பட்ட பின்னரே மனிதர்களிடம் வருகிறது. முதற்கட்டத்தில் மிகச் சிலருக்குக் கொடுத்து, எந்த அளவு வரை உடல் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் சற்றுக் கூடுதலான நோயாளிகளுக்குக் கொடுத்து, நோயில் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, புதிய மருந்தையும் இப்போது வழக்கில் உள்ள சிகிச்சையையும் ஒப்பிடுகிறார்கள். மருந்து விற்பனைக்கு வந்த பின்னும் தொடரும் கண்காணிப்பு நான்காம் கட்டமாகும்.

மூன்றாம் கட்டத்தில் யார் எந்தப் பிரிவில் சேர்வார் என்பதை நோயாளியும் முடிவு செய்வதில்லை. மருத்துவரும் முடிவு செய்வதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல, கணினி முடிவு செய்கிறது. மருத்துவர் தமக்கு வேண்டியவருக்குப் புதிய மருந்தையும், நோய் முற்றியவருக்குப் பழைய மருந்தையும் கொடுத்துவிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும் அல்லவா? அதற்காகவே இந்த ஏற்பாடு. எனவே ஆய்வில் சேரும் ஒருவருக்குப் புதிய மருந்து கிடைத்தே தீரும் என்பதில்லை. கிடைத்தாலும் அது பழையதைவிட நல்லதாக இருக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. அந்த உறுதி முன்பே இருந்திருந்தால் ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

இந்த முறை முழுவதும் மேல்நாட்டாரின் புதுமை என்று எண்ண வேண்டியதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அர்ராஸி அவர்கள் மூளைக் காய்ச்சல் கண்டவர்களில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சையைச் செய்து, மற்றொரு பிரிவினரை அவ்வாறு செய்யாமல் விட்டு, விளைவை ஒப்பிட்டதாக அவரது அல்ஹாவி என்னும் நூலில் காணப்படுகிறது. இப்னு சீனா அவர்கள் தமது அல்கானூன் நூலில், ஒரு மருந்தின் குணத்தைச் சோதித்து அறிவதற்கான விதிகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். சோதித்துப் பார்த்த பின்னரே மருந்தை நம்ப வேண்டும் என்பது நமக்கும் பழைய பாடமே.

சேத்துப்பட்டில் கிடைத்த விடை

நம் மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்த அதே 1956 ஆம் ஆண்டில், சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து அதனை அமைத்தன. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

அக்காலத்தில் காசநோய் என்றால் குடும்பத்தைப் பிரிந்து, ஊருக்கு வெளியே உள்ள மருத்துவமனையில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். இன்று ஆசாரிப்பள்ளத்தில் நமது அரசு மருத்துவக் கல்லூரி அமைந்துள்ள வளாகம் முன்னர் காசநோய் மருத்துவமனையாக இருந்ததை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். நோயாளிகளோ இலட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ சில ஆயிரங்களில் இருந்தன. "மருந்தை வீட்டிலிருந்தே உட்கொண்டால் போதாதா?" என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் விடை இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவை இன்றிக் காசநோய் தீராது என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள்.

சேத்துப்பட்டு மையம் சென்னையின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் மருத்துவமனையில் தங்கினார்கள். மற்றப் பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து, அதே மருந்தை ஓராண்டு உட்கொண்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்துணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் ஆண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணம் அடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959 இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி, வீட்டிலிருந்தே ஒருவர் குணம் அடைகிறார் என்றால், அன்று அந்த ஆய்வில் சேர்ந்த பெயர் தெரியாத அந்த ஏழைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எல்லா ஆய்வும் இவ்வாறு மகிழ்ச்சியான விடையைத் தருவதில்லை. 1968 இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசி பற்றிய மாபெரும் ஆய்வு தொடங்கியது. மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அதில் இடம் பெற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. ஏமாற்றம் அளித்த விடைதான்; எனினும் உண்மையான விடை. ஆய்வில் சேருபவர் இரண்டுக்கும் மனத்தை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்.

திருவனந்தபுரம் தரும் இரு பாடங்கள்

நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தை அறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. ஆர்.சி.சி. என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். அங்கு நடந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், இன்றைய உரையின் சாரம் முழுவதும் விளங்கிவிடும்.

முதலாவது ஆய்வு 1996 இல் தொடங்கியது. வெற்றிலை, புகையிலை, பீடி, மது ஆகியவற்றால் வரும் வாய்ப்புற்றுநோயைப் பற்றியது அது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, சீட்டுக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,92,000 பேர் அதில் அடங்கினர். ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் செய்து பார்த்தார்கள். ஐயம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். மற்றப் பிரிவில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்தது. 2005 இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, வாய்ப்புற்றுநோயால் ஏற்படும் மரணம் பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 34 விழுக்காடு குறைந்திருந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் பயன்படவில்லை. வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்களுமே போதுமானவையாக இருந்தன. வெற்றிலைச் செல்லம் இன்னும் மறையாத நம் வீடுகளுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறு இல்லை.

இரண்டாவது 1999, 2000 ஆண்டுகளில் நடந்தது. அதே மையத்தில், வாய்ப்புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோரின் கட்டிகளுக்குள், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவர் உருவாக்கிய வேதிப்பொருள் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. இது முறையான ஒப்புதலும் அனுமதியும் இன்றி நடந்தது என்ற முறையீடு எழுந்து, 2001 இல் நாடெங்கும் செய்தியாயிற்று. அப்பல்கலைக்கழகமே விசாரணை நடத்தி, மனிதர்களிடம் ஆய்வு செய்வதற்குத் தனது அமைப்பிடம் பெற வேண்டிய அனுமதி பெறப்படவில்லை என்றும், அதற்கு முன் விலங்குகளில் செய்திருக்க வேண்டிய பாதுகாப்புச் சோதனை போதுமானதாக இல்லை என்றும் அறிவித்தது.

ஒரே மையம், ஒரே நோய், ஏறத்தாழ ஒரே காலம். ஒன்று உலகிற்கே வழிகாட்டியது, மற்றொன்று எச்சரிக்கையானது. எனவே மருத்துவமனையின் பெயர் பெரிது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுவதும் தவறு. அங்கு ஒரு முறை தவறு நடந்தது என்பதற்காக எல்லா ஆய்வையும் ஒதுக்குவதும் தவறு. ஒவ்வோர் ஆய்வையும் அதனதன் தாளை வைத்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய சட்டம் தரும் பாதுகாப்பு

அன்றைய நிலை இன்று இல்லை. 2013 இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கின்போது விதிகள் கடுமையாக்கப்பட்டன. பின்னர் 2019 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை இவை:

ஒவ்வோர் ஆய்வுக்கும் நெறிமுறைக் குழு ஒன்றின் அனுமதி வேண்டும். அக்குழுவில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள். மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், மருத்துவத் துறையைச் சாராத பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் இடம் பெறுவது கட்டாயம். புதிய மருந்தாயின் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதியும் வேண்டும்.

தகவல் தாள் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கேரளத்தில் சேர்ந்தாலும் மலையாளத் தாளில் ஒப்பமிட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. தமிழ்த் தாளைக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், ஆய்வுக் குழுவைச் சாராத சாட்சி ஒருவர் முன்னிலையில் முழுவதும் படித்துக் காட்ட வேண்டும். தகவல் தாளிலும் ஒப்பமிட்ட படிவத்திலும் ஒரு பிரதியை நோயாளியிடம் கொடுக்க வேண்டும். எளிதில் பாதிக்கப்படக் கூடிய நிலையிலுள்ளவர்களை முற்றிலும் புதிய மருந்தின் ஆய்வில் சேர்க்கும்போது, ஒப்புதல் பெறும் நிகழ்வை ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்ய வேண்டும்.

ஒப்புதல் நோயாளியுடையது. நினைவும் தெளிவும் உள்ள பெண்ணுக்குப் பதிலாகக் கணவரோ மகனோ ஒப்பமிட்டால் அது ஒப்புதல் ஆகாது. நம் குடும்பங்களில் "அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான் போடுகிறேன்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. மருந்து அந்தப் பெண்ணின் உடலுக்குள் செல்கிறது. ஆகவே அவரே கேட்டு, அவரே முடிவு செய்ய வேண்டும். குழந்தையாயின் பெற்றோர் ஒப்பமிடுவார்கள். புரிந்துகொள்ளும் வயதுக் குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

ஆய்வின்போது நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை அளிக்க வேண்டும். அப்பாதிப்பு ஆய்வினால் நேர்ந்தது எனத் தெரிந்தால் இழப்பீடும் வழங்க வேண்டும். கடுமையான பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்.

இங்கு ஒரு விளக்கம் தேவை. ஒப்புதல் படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் ஆகியவை கேட்கப்படும். "வாரிசைக் கேட்கிறார்களே, அப்படியானால் மவுத்தாகிவிடுவார் என்றுதானே பொருள்?" என்று அஞ்சி எழுந்து வந்துவிடுபவர்கள் உண்டு. வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் வாரிசுதாரர் பெயர் கேட்பதைப் போன்றதே இதுவும். இழப்பீடு வழங்க நேர்ந்தால் அது உரியவரிடம் சேர வேண்டும் என்பதற்காகச் சட்டம் செய்துள்ள ஏற்பாடு அது. அந்த இடம் இல்லாத படிவத்தைக் கண்டால்தான் நாம் ஐயப்பட வேண்டும்.

ஆய்வைத் தேடுவது எப்படி?

முதல் வழி, நோயாளியைப் பார்க்கும் மருத்துவரையே கேட்பது. "இந்த நோய்க்கு எங்கேனும் ஆய்வு நடக்கிறதா? அதில் சேர இவர் தகுதி உடையவரா?" என்று நேரிடையாகக் கேட்கலாம். எந்த நல்ல மருத்துவரும் இதனைத் தவறாகக் கொள்ள மாட்டார்.

இரண்டாம் வழி, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு. சி.டி.ஆர்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இப்பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நோயின் பெயரை ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால், எந்த மருத்துவமனையில் ஆய்வு நடக்கிறது, யார் பொறுப்பு மருத்துவர், எந்த வயதினர் சேரலாம், யார் சேரக் கூடாது, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்ற விவரங்கள் கிடைக்கும். ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் இதைச் செய்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: பதிவேட்டில் பெயர் இருப்பது அந்த மருந்து நல்லது என்பதற்கான சான்றிதழ் ஆகாது. ஆய்வு வெளிப்படையாக நடக்கிறது என்பதற்கான தொடக்க அடையாளம் மட்டுமே அது.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் உறவினர்கள் அமெரிக்க அரசின் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "அங்கே ஒரு மருந்து இருக்கிறது" என்று தொலைபேசியில் சொல்வதுண்டு. அந்த ஆய்வு இந்தியாவில் எந்த மருத்துவமனையிலேனும் நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆய்வில் சேர்ந்தால் குறித்த நாட்களில் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டியிருக்கும்.

நம் நாட்டிலேயே பெரும் ஆய்வுகள் நடக்கின்றன என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்தவர்களுக்கு, மிக விலை உயர்ந்த நிவோலுமாப் என்ற மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக, மூன்று வாரத்திற்கு 20 மில்லிகிராம் மட்டும், மற்ற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அம்மருந்து பெறாத பிரிவில் ஓராண்டு கடந்து உயிருடன் இருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர்; பெற்ற பிரிவில் 43 பேர். 2022 இல் வெளிவந்த முடிவு இது. பணம் படைத்தவருக்கு மட்டுமே எட்டிய மருந்தை எளியவருக்கும் எட்டச் செய்யும் கேள்வியை மருந்து நிறுவனங்கள் தாமாகக் கேட்பது அரிது. நம் நாட்டு மருத்துவர்கள் கேட்டார்கள். நம் நாட்டு நோயாளிகள் விடை கிடைக்க உதவினார்கள்.

ஆய்வைத் தேடுவதற்கு உகந்த நேரம், நோய் உறுதியாகி முதல் சிகிச்சை தொடங்குவதற்கு முன்புள்ள நாட்கள். சில ஆய்வுகளில் முன்னரே மருந்து எடுத்தவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அதற்காகத் தேவையான சிகிச்சையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு காத்திருக்கவும் கூடாது. சதைப் பரிசோதனை அறிக்கை, அதன் கண்ணாடித் துண்டுகள், ஸ்கேன் படங்கள், இதுவரை உட்கொண்ட மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். அப்பட்டியலில் யூனானி, சித்த மருந்துகளையும் மறைக்காமல் எழுதுங்கள். இரு மருந்துகள் உடலுக்குள் மோதிக் கொண்டால் துன்பப்படுபவர் நோயாளியே.

ஒப்பமிடும் முன் கேட்க வேண்டியவை

1. இது எத்தனையாவது கட்ட ஆய்வு? இதற்கு முன் எத்தனை பேருக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டுள்ளது?

2. நான் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை எது? அதன் பலன் எவ்வளவு?

3. ஒப்பீட்டுப் பிரிவில் விழுந்தால் எனக்கு என்ன மருந்து தரப்படும்? வெற்று மாத்திரை மட்டும் தரப்படுமா?

4. இதுவரை கண்ட பக்கவிளைவுகள் யாவை? இரவு பன்னிரண்டு மணிக்குத் தொந்தரவு வந்தால் யாருடைய எண்ணுக்குத் தொலைபேசி செய்வது?

5. எத்தனை முறை வர வேண்டும்? பயணச் செலவு தரப்படுமா? எந்தெந்தச் சோதனைகள் இலவசம், எவற்றிற்கு நான் பணம் கட்ட வேண்டும்?

6. இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை இதே மருத்துவமனையில் தொடருமா?

7. ஆய்வு முடிந்த பின் மருந்து எனக்குப் பலன் அளித்திருந்தால், தொடர்ந்து கிடைக்குமா?

8. பதிவேட்டு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் என்ன?

ஆறாவது கேள்விக்குச் சட்டத்தின் விடை தெளிவானது. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலேயே விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. தாளை வீட்டிற்கு எடுத்துச் சென்று, படித்து, குடும்ப மருத்துவரிடம் காட்டிய பின் வருகிறோம் என்று சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு. அதற்கு அவகாசம் தர மறுப்பவரிடம் கவனமாக இருங்கள்.

நோன்பு நோற்க விரும்புபவர் அதனை முதலிலேயே ஆய்வு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்து நேரத்தைச் சஹர், இஃப்தார் வேளைகளுக்கு மாற்ற இயலுமா என்பதை அவரே கூற முடியும். சொல்லாமல் நோன்பு வைத்து வேளை மருந்தைத் தவறவிட்டால் நோயாளிக்கும் தீங்கு. ஆய்வின் விடையும் பிழையாகும். மாத்திரை உறை எதனால் ஆனது என்ற ஐயம் இருந்தால் அதையும் தயங்காமல் கேட்கலாம்.

பணம் கேட்டால் விலகுங்கள்

மேலே சொன்ன யாவற்றையும் மறந்துவிட்டாலும் இதை மட்டும் மறவாதீர்கள். ஆய்வில் உள்ள மருந்துக்கு நோயாளியிடம் விலை வாங்குவதில்லை. "இது புதிய சிகிச்சை, ஆய்வில் இருக்கிறது, சில இலட்சம் கட்டுங்கள்" என்று யாரேனும் சொன்னால் அது ஆய்வாக இருக்க வாய்ப்பில்லை. நரம்புத் தளர்ச்சி, முதுகுத் தண்டுவடக் காயம், ஆட்டிசம், மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றிற்கு ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று நகரங்களில் விளம்பரம் செய்கிறார்கள். இரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்பது நிலைநாட்டப்பட்ட மருத்துவம். அவ்வாறு ஏற்கப்பட்ட நோய்கள் நீங்கலாக, பிறவற்றிற்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2017 ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நகையை அடகு வைத்து, வீட்டை விற்று அந்த ஊசியைத் தேடிப் போகும் தாய் தந்தையரின் பாசத்தை நான் குறை கூறவில்லை. அந்தப் பாசத்தை விலையாக்குகிறவர்களிடம் விழிப்புடன் இருங்கள் என்றே வேண்டுகிறேன்.

ஜமாஅத் செய்யக் கூடியது

பெரியோர்களே! நம் ஜமாஅத் மருத்துவ ஆய்வில் சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அது நோயாளியின் முடிவு. ஆனால் அம்முடிவை அவர் தனியே, அச்சத்தோடு, அரைகுறையாகப் புரிந்து கொண்டு எடுக்க விடாமல் இருப்பது நம்மால் இயலும்.

நம்மிடையே செவிலியர் இருக்கிறார்கள், மருந்தாளுநர் இருக்கிறார்கள், வழக்கறிஞர் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இவர்களில் நால்வர், அவர்களுள் இருவர் பெண்களாக, கேட்கும் குடும்பத்தோடு அமர்ந்து தகவல் தாளை வரி வரியாகப் படித்துக் காட்டலாம். பதிவேட்டில் எண்ணைச் சரி பார்த்துச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்குச் சாட்சியாக மருத்துவமனைக்கே உடன் செல்லலாம். ஆய்வு மருந்து இலவசமாக இருந்தாலும் திருவனந்தபுரத்திற்கு மாதம் மூன்று முறை சென்று வரும் செலவும், துணைக்குச் செல்பவரின் நாட்கூலி இழப்பும் இலவசமல்ல. அந்தச் சிறு தொகையை நம் மருத்துவ உதவி நிதியிலிருந்து வழங்கினால், வழிச்செலவு இல்லாத காரணத்தால் ஒருவர் வாய்ப்பை இழக்கும் நிலை நீங்கும். நோயாளியின் விவரம் அந்த நால்வரைத் தாண்டி வெளியே செல்லாமல் காப்பதும் அமானிதமே.

நிர்வாகக் குழு இதனை வரும் ஆண்டின் பணிகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்ற வேண்டுகோளை முன்வைக்கிறேன். அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் நம்மில் ஒருவர் ஒப்பமிட்டாலும், ஒப்பமிடாமல் திருப்பிக் கொடுத்தாலும், முதற் பக்கத்திலிருந்து படித்து அறிந்தவராக அதைச் செய்யட்டும்.

நோயுற்ற நம் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக!